பஸ் மாமாவின் கோல்

பிள்ளைகள், போன கிழமை சாப்பாட்டு மேசையில் நீங்கள் இரண்டு பேரும் பஸ் மாமா உதைபந்தாட்டத்தில் அடித்த கோலைப் பற்றிச் சண்டை பிடித்தீர்கள். அப்பா பாவம் பார்த்துத்தான் அந்தக் கோலை அவருக்குக் கொடுத்தவர் என்று தம்பி சொன்னான். அம்மாதான் அதைக் கண்டுபிடித்தவ என்று அக்கா சொன்னாள். இந்தக் கதையை வாயால் சொல்லத் தொடங்கினால் பகிடியில் போய் முடிந்துவிடும். அதனால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவனின் எழுத்து இது. நீங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்துப் பிழைகளைத் திருத்தி வாசியுங்கள். ஆனால் அந்தக் கோல் நான் இரக்கப்பட்டுக் கொடுத்தது இல்லை. அதை மட்டும் திருத்த விடமாட்டேன்.

கல்லூரி என்றவுடன் இங்கே ஒஸ்லோவில் பெரியவர்கள் பட்டம் படிக்கப் போகும் ஹொய்ஸ்கூலெயை நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளை போகும் பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரி என்றுதான் பெயர். எங்கள் கல்லூரி ஊருக்குள் இருந்தது. பஸ் மாமாவின் கல்லூரி கடற்கரையோரம். இரண்டுக்கும் இடையில் சைக்கிளில் போகிற தூரம்தான். ஆனால் உதைபந்தாட்டம் என்று வந்தால் இரண்டும் இரண்டு நாடுகள்.

பதினேழு வயதுக்குட்பட்ட அணியில் நாங்கள் விளையாடிய அந்தப் பருவம் முழுக்கச் சண்டைதான். ஆமிக்காரர் முகாமைவிட்டு வெளியே வருவதில்லை. உள்ளே இருந்தபடி பீரங்கியால் ஷெல் அடிப்பார்கள். மேலே ஹெலிகொப்டர் சுற்றிச் சுடும், ஹெலி என்போம். அப்படியிருந்தும் கல்லூரிகள் ஆட்டங்களை நிற்பாட்டவில்லை. பெடியள் பின்னேரத்தில் மைதானத்தில் நின்றால் எங்கே நிற்கிறார்கள் என்றாவது தெரியும் என்று எங்கள் அதிபர் சொல்வார். மற்றக் கல்லூரிகளுக்குப் போக பஸ் கிடையாது. ஒரு சைக்கிளில் இரண்டு பேராகப் போய், விளையாடி, அதே களைப்போடு மிதித்துக்கொண்டு திரும்புவோம். கோடு போடச் சுண்ணாம்பு இல்லாமல் உமிச் சாம்பல் போட்டோம். மழை பெய்தால் கோடு கரைந்து, பந்து வெளியே போனதா இல்லையா என்பதற்கு ஒரு சண்டை நடக்கும். நான் கோல் கீப்பர். இரவில் ஷெல் சத்தத்துக்குப் பயந்து சுருண்டு படுப்பவன், பின்னேரம் கம்பங்களுக்கு நடுவில் நின்றால் பயத்தை மறந்துவிடுவேன். சண்டைக்காலம் என்றால் எந்த நேரமும் அழுதுகொண்டிருந்தோம் என்று நினைக்காதீர்கள். அந்த மாதங்களில் நாங்கள் நிறையச் சிரித்தோம்.

மைதானங்களின் ஓரத்தில் பதுங்குவதற்குக் குழி வெட்டியிருப்பார்கள். பங்கர் என்போம். கடற்கரைக் கல்லூரியில் அதை வெட்டியவர்களுக்குப் பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது போலும். ஒரு கோலுக்கு நேர் பின்னால், இரண்டு கம்பங்களுக்கும் நடுவே வருகிற மாதிரி, மேலே மூடாத நீளக் குழியாக வெட்டி வைத்திருந்தார்கள். கோலுக்கு வலையும் இல்லை. கடற்கரையில் வலை கிடைத்தால் அது மீனுக்குத்தான்.

இதனால் எங்களுக்கென்று சில சட்டங்கள் உண்டாயின. வெல்கிற பக்கம் நேரத்தைக் கடத்துவதற்குப் பந்தை வேண்டுமென்றே பங்கருக்குள் உதைக்கும். ஆகவே பந்து பங்கருக்குள் விழுந்தால் மத்தியஸ்தர் மணிக்கூட்டை நிறுத்துவார். இன்னொரு சட்டம்: யாராவது “ஹெலி!” என்று கத்தினால் அந்தக் கணத்தோடு ஆட்டம் நிற்கும். எல்லாரும் குப்புறப் படுக்க வேண்டும், மத்தியஸ்தர் உட்பட. பங்கருக்குக் கிட்ட நிற்பவன் உள்ளே குதிக்கலாம். அதில் என்னை வெல்ல ஆள் இல்லை. கத்துகிறவன் சொல்லை முடிக்க முதல் நான் உள்ளே இருப்பேன்.

அந்த வருடம் இறுதியாட்டத்துக்கு வந்தது நாங்களும் கடற்கரைக் கல்லூரியும். அவர்களின் மைதானம். பஸ் மாமாவுக்கு அன்றுதான் முதல் ஆட்டம். அவர்களின் முன்வரிசைக்காரன் ஒருவனுக்கு அம்மை போட்டதால் அவரை இறக்கியிருந்தார்கள். முதல் பாதி கோல் இல்லாமல் முடியப்போகிற நேரம். பஸ் மாமா தனியாகப் பந்தோடு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். நான் முன்னால் பாய்வதா, நிற்பதா என்று தடுமாறினேன். ஏதோ இரைகிற மாதிரி இருக்க, ஒரு கணம் வானத்தை அண்ணாந்து பார்த்தேன். அப்போது சனத்துக்குள்ளிருந்து “ஹெலி!” என்று குரல் வந்தது. நான் பங்கருக்குள் குதித்துவிட்டேன்.

சத்தம் ஓய்ந்து மேலே ஏறி வந்தால், பஸ் மாமா கோலுக்கு முன்னால் குப்புறப் படுத்தபடியே இரண்டு கைகளையும் தூக்கி “கோல், கோல்” என்று கத்திக்கொண்டிருந்தார். அவருடைய அணி அவரைத் தூக்கியது. எங்கள் அணி மத்தியஸ்தரிடம் ஓடியது. அவரோ வாய்க்குள்ளிருந்து மண்ணைத் துப்பிக்கொண்டு, “நான் நிலத்தையெல்லோ பாத்துக்கொண்டு கிடந்தனான்” என்றார். இரண்டாம் பாதி முடியட்டும், பிறகு கதைத்துத் தீர்ப்போம் என்றும் சொன்னார். ஆனால் கொஞ்ச நேரத்தில் ஷெல் விழத் தொடங்கியது. சைக்கிள்களை எடுத்துக்கொண்டு எல்லாரும் ஓடினோம். அந்த இரண்டாம் பாதி நடக்கவேயில்லை. அடுத்த மாதம் எங்கள் குடும்பம் இடம்பெயர்ந்தது. எனக்கு அதற்குப் பிறகு கல்லூரியும் இல்லை, அணியும் இல்லை.

ஒஸ்லோவுக்கு வந்து சில வருடங்களுக்குப் பிறகு ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டு நிற்கிறேன். பஸ் சாரதியின் உடுப்போடு ஒருவர் என்னை உற்றுப் பார்த்தார். சுகம் கேட்கவில்லை, எப்போது வந்தாய் என்றும் கேட்கவில்லை.

“டேய், நீ அந்தக் கோல் கீப்பரெல்லோ? சொல்லு, அது கோல்தானே?”

“ஹெலியெண்டு கத்தினாப் பிறகு அடிச்சது என்னெண்டு கோலாகும்?” என்றேன்.

“நான் முதலே அடிச்சிட்டன் மச்சான். கடவுளாணை.”

அப்படித்தான் எங்கள் சிநேகிதம் தொடங்கியது. பிறகு நீங்கள் பிறந்தீர்கள், அவருக்கும் மகள் பிறந்தாள். தெருவில் உங்களைக் கண்டால் பஸ்ஸின் ஹோர்னை இரண்டு தரம் அடித்துக் காட்டுவதால் நீங்கள் அவருக்கு அந்தப் பெயரை வைத்தீர்கள். ஒவ்வொரு பிறந்தநாள் கொண்டாட்டத்திலும் ஒவ்வொரு பொங்கலிலும் அவர் அதே கேள்வியைக் கேட்பார், நான் அதே பதிலைச் சொல்வேன். எனக்கு அது விளையாட்டு. அவருக்கு விளையாட்டு இல்லை என்பது எனக்கு நெடுநாள் விளங்கவில்லை.

விளங்க வைத்தது அவருடைய மகள். அவள் இங்கே பெண்பிள்ளைகள் அணியில் விளையாடி ஞாயிறுக்கு ஞாயிறு கோல் அடிப்பவள். ஒருநாள் அவளை ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவர், “நானும் உன்ர வயசிலை ஒரு கோல் அடிச்சனான். இறுதியாட்டத்திலை” என்றார். அவள் “யா, யா, பப்பா” என்று கண்ணை உருட்டினாள். தம்பி உடனே, “அது கோல் இல்லையாம். எங்கட அப்பா சொன்னவர்” என்றான். அறையில் இருந்த எல்லாரும் சிரித்தோம். பஸ் மாமாவும் சிரித்தார். ஆனால் தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார். அவர் கல்லூரிக்காக விளையாடியது அந்த ஒரு ஆட்டம்தான். அதிலும் அரைவாசி. மகளிடம் சொல்ல அவருக்கு வேறு கோல் இல்லை.

பிறகு சமாதானப் பேச்சுக் காலம் வந்தது. ஊருக்குப் போகும் பாதை திறந்தது. பஸ் மாமா போய் வந்தார். அந்த மைதானத்தில் பெடியள் விளையாடுகிறார்கள், பங்கரை மூடிவிட்டார்கள், மூடின இடத்தில் புல்லு நல்ல பச்சை என்று ஒவ்வொரு வீடாகச் சொல்லித் திரிந்தார். அந்தக் கதையிலிருந்துதான் யாருக்கோ யோசனை வந்தது. இரண்டு கல்லூரியின் பழைய மாணவரும் ஒஸ்லோவில் இருக்கிறோம். மிச்சப் பாதியை இங்கே விளையாடினால் என்ன?

அந்தக் குளிர்காலம் முழுக்க இதே கதைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபம் எடுத்துக் கூட்டம் வைத்தோம். அன்று விளையாடியவர்களில் உயிரோடு இல்லாதவர்களின் பெயரை முதலில் வாசித்து எழுந்து நின்றோம். எங்கள் பக்கத்தில் ஒஸ்லோவில் இருந்தது ஐந்து பேர். மிச்ச இடங்களுக்குத் தம்பிமார், மச்சான்மார், கல்லூரிக்காரர் வீட்டில் பெண் எடுத்தவர்கள் என்று பிடித்தோம். இதெல்லாம் சண்டையில்லாமல் முடிந்தது. சண்டை வந்தது வேறு இடத்தில். ஆட்டத்தை எந்தக் கணக்கில் தொடங்குவது? கோல் இல்லாமலா, அவர்களுக்கு ஒன்று போட்டா?

எங்கள் கப்டன் அண்ணை அன்றும் கப்டன்தான், இன்றும் கப்டன்தான். இங்கே தபால் பிரிக்கும் இடத்தில் வேலை. என்னைவிட ஒரு வகுப்பு மூத்தவர் என்பதால் நாங்கள் யாரும் அவரை எதிர்த்துக் கதைப்பதில்லை. அவர் எழும்பிச் சொன்னார்: “மத்தியஸ்தர் காணாத கோல் கோல் இல்லை. பூச்சியத்துக்குப் பூச்சியம்.”

“மத்தியஸ்தர் காணேல்லைத்தான். நான் கண்டனானே!” என்றார் பஸ் மாமா.

“அடிச்சவன் சாட்சி சொல்லேலுமே? உன்ர பஸ்ஸிலை ரிக்கெற் இல்லாமல் ஏறினவனும் எடுத்தனான் எண்டுதான் சொல்லுவான்.”

மண்டபம் சிரித்தது. “அப்ப கோல் கீப்பரைக் கேளுங்கோ” என்றார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் உண்மையைச் சொன்னேன். அவர் அடித்ததை நான் காணவில்லை, ஹெலி என்றதும் நான் குதித்துவிட்டேன், அவ்வளவுதான் தெரியும். கையை உயர்த்தச் சொல்லி எண்ணினார்கள். பூச்சியத்துக்குப் பூச்சியம் என்று முடிவாயிற்று. அவர்களின் ஆட்களே சிலர் அதற்குக் கை உயர்த்தினார்கள். பிரச்சினை முடிந்தால் போதும் என்று நினைத்திருப்பார்கள்.

பஸ் மாமா கதிரையை மடித்துச் சுவரில் சாய்த்தார். “சரி. அப்ப நான் விளையாடேல்லை. வந்து பாக்கிறன்.”

“கோவமோ?”

“இல்லை அண்ணை. என்ர கோல் இல்லாட்டி அது வேறை மட்ச். அதிலை எனக்கென்ன வேலை?”

கோடை வந்தது. ஆட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம் அம்மா குசினியில் உள்ளே கறி வைத்துப் பொரிக்கிற றோல்ஸ் உருட்டிக்கொண்டிருந்தா. இரண்டு அணிக்கும் எங்கள் வீட்டிலிருந்துதான் றோல்ஸ். நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் பங்கர்க் கதை கேட்டீர்கள், ஞாபகம் இருக்கிறதா? நான் வழக்கமாகச் சொல்லும் பகிடியைச் சொன்னேன். பங்கருக்குள் குதித்துக் குப்புறக் கிடக்கிறேன், நெஞ்சுக்குக் கீழே உருண்டையாக, கெட்டியாக ஒன்று. வெடிக்காத ஷெல்லாக்கும் என்று மூச்சையும் விடாமல், கையையும் அசைக்காமல் கிடக்கிறேன். மேலே ஹெலி, கீழே ஷெல், நடுவில் நான். எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கும்பிட்டு முடித்துக் கடைசியில் மெல்லத் தடவிப் பார்த்தால், பந்து! அந்த ஆட்டத்தில் நான் ஒழுங்காகப் பிடித்த ஒரே பந்து அதுதான் என்று முடிப்பேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

அம்மா சிரிக்கவில்லை. மாவுக் கையோடு திரும்பிப் பார்த்தா.

“இஞ்சருங்கோ, பந்து உங்களுக்கு மேலை வந்து விழுந்ததோ, கீழை கிடந்ததோ?”

“கீழைதான். நெஞ்சுக்குக் கீழை. அதாலைதானே பயந்தனான்.”

“கீழை கிடந்ததெண்டா அது உங்களுக்கு முந்தியெல்லோ உள்ளை போயிருக்கோணும்?”

அம்மா றோல்ஸ் ஒன்றைத் தட்டில் வைத்து, அதன் மேல் இன்னொன்றை வைத்துக் காட்டினா. “நீங்கள் குதிச்சது ஹெலியெண்டு கத்தின உடனை. பந்து அதுக்கு முந்தியே உள்ளை. அப்ப அந்த மனிசன் கத்த முந்தித்தானே அடிச்சிருக்கிறார்?”

பிள்ளைகள், இத்தனை வருடமாக நான் இரண்டு கதை சொல்லி வந்திருக்கிறேன். பஸ் மாமாவுக்கு ஒரு கதை: நான் குதித்த பிறகு வெறும் கோலுக்குள் அடித்தாய். வீட்டில் ஒரு கதை: பந்தை ஷெல் என்று நினைத்துப் பயந்தேன். இரண்டும் ஒரே நாளில், ஒரே குழிக்குள் நடந்தவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. பகிடி நன்றாக இருந்தது, சனம் சிரித்தது, அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. ஹெலி என்ற பிறகு அவர் அடித்திருந்தால் பந்து என் முதுகில் அல்லவா விழுந்திருக்க வேண்டும்?

அடுத்த நாள் மைதானத்தில் எல்லாரும் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னேன். மத்தியஸ்தராக நாங்கள் பிடித்திருந்தது சென்னையிலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் ஒரு தம்பியை. இரண்டு கல்லூரிக்கும் சம்பந்தமில்லாத தமிழர் என்று தேடினால் அவர்தான் கிடைத்தார். அவர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு, “ஒரு நிமிஷம் சார். பங்கர் எதுக்கு கிரவுண்டுக்குள்ள இருந்துச்சு?” என்று கேட்டார். எல்லாரும் கப்டன் அண்ணையைப் பார்த்தார்கள்.

“உன்ர மனிசி எந்தப் பள்ளிக்கூடம்?” என்றார் அவர்.

அம்மா கடற்கரைப் பக்கத்துப் பெண்கள் கல்லூரி என்பது உங்களுக்குத் தெரியும். “அவையின்ர பக்கந்தான் அண்ணை” என்றேன்.

“பாத்தியளோ! றோல்ஸுக்குள்ளை வைச்சு எங்களை விக்கிறா.”

“அண்ணை, பந்து கீழை கிடந்தது உண்மை. அதை நான் மாத்தேலாது.”

அவர் யோசித்தார். “சரி, பந்து முந்திப் போனதெண்டே வைப்பம். கோலுக்கு மேலாலை போய் விழுந்திருக்கலாமே?”

பஸ் மாமா அதுவரை காருக்குள் கதவைத் திறந்து வைத்து, கால்களை வெளியே போட்டுக்கொண்டு இருந்தார். மகள் பக்கத்தில் நின்றாள். அங்கிருந்தே கத்தினார்: “அண்ணை! இஞ்சை எத்தினை வருசமா என்னோடை விளையாடுறியள்? நான் பந்தை முழங்காலுக்கு மேலை அடிச்சு எப்பவாவது கண்டிருக்கிறியளோ?”

முதலில் சிரித்தது கப்டன் அண்ணைதான். பிறகு எல்லாரும். அது உண்மை. ஒஸ்லோவில் நடந்த எந்த ஆட்டத்திலும் அவருடைய பந்து நிலத்தைவிட்டு எழும்பியதை யாரும் கண்டதில்லை. கப்டன் அண்ணை சிரித்துச் சிரித்தே கையை விரித்தார். “விடுங்கோ. கோல்தான். ஒண்டுக்குப் பூச்சியம்.”

சென்னைத் தம்பி, “அப்ப ஒன்-நில்னு ஸ்டார்ட் பண்ணலாமா? கன்ஃபார்மா சொல்லுங்க, அப்புறம் என்னைத் திட்டக் கூடாது” என்றார்.

பஸ் மாமா சப்பாத்துக் கொண்டுவந்திருந்தார், பிள்ளைகள். விளையாடமாட்டேன் என்று சொன்ன மனிதர் காரின் பின்பெட்டியில் சப்பாத்து, காலுறை எல்லாம் வைத்திருந்தார். அவர் அதைக் கட்டிக்கொண்டிருந்தபோது மகள் நொர்ஸ்க் மொழியில் ஏதோ கேட்டாள். எனக்குக் கேட்கவில்லை. அவர் தலையாட்டினார். அவள் குனிந்து மற்றச் சப்பாத்தின் கயிற்றைத் தானே இறுக்கிக் கட்டிவிட்டாள்.

ஆட்டத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் எல்லாரும் பாரம் கூடியவர்கள். பந்து ஓடிய தூரம் நாங்கள் ஓடவில்லை. கப்டன் அண்ணையிடம் பந்து போனால் “அண்ணை, தாங்கோ அண்ணை” என்று மரியாதையாகக் கேட்பதற்குள் எதிர்ப்பக்கம் வந்து பறித்துவிடும். ஆனாலும் கல்லூரிக்காரர் வீட்டில் பெண் எடுத்த ஒரு மருமகன் எங்களுக்கு ஒரு கோல் அடித்தார். முடிவதற்குக் கொஞ்சம் முதல் கோர்னரிலிருந்து வந்த பந்து கப்டன் அண்ணையின் முதுகில் பட்டு உள்ளே போயிற்று. அவர் அதைத் தலை என்றுதான் இன்றுவரை சொல்கிறார். இரண்டுக்கு ஒன்று. கிண்ணம் எங்களுக்கு.

தோற்ற அணியில் ஒரே ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டு திரிந்தார். “தோத்துப்போட்டு என்னடா பல்லுக் காட்டுறாய்?” என்று அவருடைய ஆட்களே ஏசினார்கள். அவர் றோல்ஸ் தட்டோடு நின்ற அம்மாவிடம் போய், “தங்கச்சி, எங்கட கோல் இந்தக் கைக்குள்ளாலைதான் வந்தது” என்று சொல்லி இரண்டு றோல்ஸை ஒன்றாக எடுத்தார். மகள் தன் சிநேகிதிக்குத் தொலைபேசியில் ‘பப்பா’, ‘கோல்’ என்று என்னவோ விளக்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு எல்லாரும் மற்றப் பக்கத்துப் புல்வெளிக்குக் கோழி இறைச்சி சுட்டுச் சாப்பிடப் போனார்கள். நீங்களும் அம்மாவோடு போய்விட்டீர்கள். பந்துகளை எடுத்து வைப்பது கோல் கீப்பரின் வேலை என்று என்னை விட்டுவிட்டுப் போனார்கள். ஒரு பந்து என் கோலுக்குள் கிடந்தது. கோல் விழுந்தால் கோல் கீப்பர் பந்தை எடுத்து நடுவுக்கு அனுப்ப வேண்டும், அங்கிருந்துதான் ஆட்டம் திரும்பத் தொடங்கும். பஸ் மாமாவின் கோலுக்கு அதை யாரும் செய்யவில்லை. நான் குனிந்து பந்தை எடுத்தேன். வெறும் மைதானத்தில் நடந்து போய், நடுப்புள்ளியில் அதை வைத்தேன். உருளாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, மற்றப் பந்துகளைப் பொறுக்கப் போனேன்.